கணினி யாருடையதாகவும் இருக்கட்டும், பென்டிரைவ் நம்முடையது

இது கொஞ்சம் நீளமான பதிவு. வேலையெல்லாம் முடித்துவிட்டு ஆற அமர உட்கார்ந்து படியுங்கள்.

ஒரே கேள்வியை இந்த மாதத்தில் நாலு பேர் கேட்டுவிட்டீர்கள். "டீச்சர், உங்க வீட்டுல கம்ப்யூட்டரே கிடையாதே, எதுல டைப் பண்றீங்க?" என்று பழைய மாணவர்கள் கேட்கிறார்கள். "அத்தை, இங்க வந்தா எங்க லேப்டாப்ல எழுதுறீங்க, பரளச்சிக்குப் போனா வேற எதுலயோ எழுதுறீங்க. ஆனா விட்ட இடத்துல இருந்து சரியாத் தொடருதே, எப்படி?" என்று மதுரையில் இருக்கும் மருமகள் கேட்கிறாள். எல்லாருக்கும் சேர்த்து ஒரே பதில். என் வீட்டுச் சாவிக்கொத்தில் 32 ஜிபி பென்டிரைவ் ஒன்று தொங்குகிறது. அதில் இருப்பது வெறும் படமும் பாட்டும் என்று நினைக்காதீர்கள். ஒரு முழு இயங்குதளமே அதற்குள் குடியிருக்கிறது. லினக்ஸ் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். எந்தக் கணினியில் செருகி ஆன் செய்தாலும் என் திரை, என் தமிழ் விசைப்பலகை, என் கோப்புகள் வந்துவிடும். முடித்துவிட்டு உருவிக்கொண்டால் அந்தக் கணினி பழையபடி அதன் சொந்தக்காரருடையது.

நம் பக்கம் மானாவாரிதான் அதிகம். இருந்த சில கிணறுகளும் பெரும்பாலும் பங்குக் கிணறுகள். உங்களில் வயதில் மூத்தவர்கள் கமலை இறைத்ததைப் பார்த்திருப்பீர்கள். கிணறு நாலு பேருக்குப் பொது. ஆனால் முறை வந்தவர் தன் மாட்டை ஓட்டி வருவார், தன் வடத்தையும் வால்கயிற்றையும் கூனையையும் கொண்டு வருவார். இறைத்து முடித்ததும் எல்லாவற்றையும் கழற்றிக்கொண்டு போய்விடுவார். அடுத்தவர் தன்னுடையதை மாட்டுவார். என் கணினி வாழ்க்கையும் அப்படித்தான். கிணறு யாருடையதோ, கூனையும் வடமும் என்னுடையவை.

இது எப்படி நடக்கிறது என்பதை வகுப்பில் சொல்வது போலவே சொல்கிறேன்.

பள்ளிக்கூடம் திறப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். முதலில் காவலாளி வந்து கேட்டைத் திறப்பார். கணினியில் அந்த வேலையைச் செய்வது மதர்போர்டில் ஒரு சிப்புக்குள் பதிந்திருக்கும் சிறிய நிரல். பழைய கணினிகளில் அதற்குப் பயாஸ் என்று பெயர், புதியவற்றில் யூஇஎஃப்ஐ. பவர் பட்டனை அழுத்தியதும் அது விழித்து, நினைவகம் இருக்கிறதா, விசைப்பலகை இருக்கிறதா என்று பார்க்கும். பிறகு, "இன்று பள்ளியை நடத்தப்போகிற தலைமையாசிரியர் எங்கே?" என்று தேடும். வழக்கமாக ஹார்டு டிஸ்கில் தேடும். அங்கே விண்டோஸ் இருந்தால் அதைக் கூப்பிடும். ஆனால் தேடும் வரிசையை நாம் மாற்றலாம். "முதலில் பென்டிரைவில் பார்" என்று சொன்னால் அங்கே பார்க்கும். அங்கே பூட் லோடர் என்ற சின்ன நிரல் இருக்கும். அது ஓடிப்போய்க் கர்னலை அழைத்து வந்து நினைவகத்தில் உட்கார வைக்கும். கர்னல்தான் தலைமையாசிரியர். இவ்வளவையும் சேர்த்துத்தான் பூட் ஆவது என்கிறோம்.

கர்னல் வந்து உட்கார்ந்ததும் முதல் வேலையாக வருகைப்பதிவு எடுக்கும். திரை? உள்ளேன். மவுஸ்? உள்ளேன். வைஃபை? உள்ளேன். ஒவ்வொன்றுக்கும் தேவையான டிரைவரை, அதாவது அந்த உறுப்போடு பேசத் தெரிந்த சிறுநிரலை, தன்னிடம் இருக்கும் பெரிய கட்டிலிருந்து எடுத்துப் பொருத்தும். நம் விஷயத்துக்கு முக்கியமானது, லினக்ஸ் இந்தப் பதிவை ஒவ்வொரு முறையும் புதிதாக எடுப்பது. நேற்றைய பதிவேட்டைப் பார்த்து இன்று பிள்ளைகளைத் தேடுவதில்லை. ஆயிரக்கணக்கான உறுப்புகளுக்கான டிரைவர்கள் அதனுடனேயே வருகின்றன. அதனால்தான் நேற்று ஒரு நிறுவனத்தின் லேப்டாப்பில் ஓடிய பென்டிரைவ் இன்று வேறு நிறுவனத்தின் டெஸ்க்டாப்பில் கூச்சமில்லாமல் ஓடுகிறது.

இன்னொரு நுணுக்கம். இதே பென்டிரைவ் ஒரு கணினியில் முதல் டிஸ்காகத் தெரியும், இன்னொன்றில் மூன்றாவதாகத் தெரியும். பெயர் மாறினால் லினக்ஸ் தன் வீட்டையே கண்டுபிடிக்க முடியாமல் போகும். அதற்காக ஒவ்வொரு பகுதிக்கும் யூயூஐடி என்று ஒரு நீண்ட அடையாள எண் உண்டு. நம் பிள்ளைகளுக்கு எமிஸ் எண் இருப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். பள்ளி மாறினாலும், வரிசை எண் மாறினாலும் அந்த எண் மாறாது.

விண்டோஸில் இப்படிச் செய்ய முடியாதா என்று கேட்பீர்கள். விண்டோஸ் நிறுவும்போதே அந்தக் கணினிக்குத் தகுந்தபடி தன்னை அமைத்துக்கொள்ளும். உரிமமும் பெரும்பாலும் அந்த மதர்போர்டோடு பிணைந்திருக்கும். 'விண்டோஸ் டு கோ' என்று பென்டிரைவிலிருந்து ஓடும் வசதி ஒன்றை மைக்ரோசாஃப்ட் பெரிய நிறுவனங்களுக்காகக் கொண்டு வந்தது. 2020இல் வந்த விண்டோஸ் 10 பதிப்போடு அதை எடுத்துவிட்டார்கள். லினக்ஸில் உரிமக் கட்டணமும் இல்லை, எத்தனை கணினியில் ஓட்டினாலும் கேள்வியும் இல்லை.

கொஞ்சம் வரலாறு. பின்லாந்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற 21 வயது மாணவர் தான் எழுதிக்கொண்டிருந்த கர்னலைப் பற்றி 1991 ஆகஸ்ட் 25 அன்று உலகுக்கு அறிவித்தார். 2000இல் ஜெர்மனியின் கிளாஸ் நாப்பர், 'நாப்பிக்ஸ்' என்ற பெயரில் முழு லினக்ஸையும் ஒரே சிடியில் சுருக்கி வைத்து, நிறுவாமலேயே ஓடும்படி செய்தார். இதற்கு முன்னோடிகள் இருந்தாலும் இந்த முறையை ஊரறியச் செய்தது அதுதான். பிறகு 2003இல் ஆஸ்திரேலியாவின் பேரி காலர், பழைய கணினிகளுக்காக மிகச் சிறிய 'பப்பி லினக்ஸ்' கொண்டுவந்தார். சிடி போய் பென்டிரைவ் வந்ததும், எழுதியதைச் சேமித்து வைக்கும் வசதியும் கூடவே வந்தது.

நம் மாநிலத்துக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. 2007 வாக்கிலேயே எல்காட் நிறுவனம் தன் கணினிகளை லினக்ஸுக்கு மாற்றத் தொடங்கியது. சிடாக் நிறுவனத்தின் சென்னைப் பிரிவு 'பாஸ் லினக்ஸ்' என்ற இந்திய மொழிகளுக்கான தொகுப்பை உருவாக்கியது. 2011 செப்டம்பர் 15 அன்று அரசின் விலையில்லா லேப்டாப் திட்டம் தொடங்கியபோது, கொடுத்த லேப்டாப்பில் விண்டோஸோடு இந்த பாஸ் லினக்ஸும் இருந்தது. என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த பிள்ளைகள் பலர் பிளஸ் டூ படிக்கும்போது அதை வாங்கினீர்கள். ஆன் செய்ததும் இரண்டு வரிகள் வரும், எதைத் தேர்ந்தெடுக்க என்று கேட்கும். இரண்டாவது வரி எதற்கென்று உங்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. பக்கத்துக் கேரளத்தில் அரசுப் பள்ளிகள் பல ஆண்டுகளாக லினக்ஸிலேயே பாடம் நடத்துகின்றன. அதற்கென்று 'கைட்' என்ற அரசு நிறுவனமே ஒரு தொகுப்பை உருவாக்கித் தருகிறது. நமக்குப் பொருள் வந்தது, பழக்கிவிட ஆள் வரவில்லை.

ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்ட லேப்டாப்கள் தமிழ்நாட்டுப் பிள்ளைகளின் கைக்குப் போயின. அவற்றில் எத்தனை இன்று பரணிலும் கட்டிலுக்கு அடியிலும் கிடக்கின்றன என்று நம் தெருவில் நடந்தாலே தெரியும். "போயிருச்சு டீச்சர்" என்பீர்கள். நான் திருப்பிக் கேட்பேன், "என்னத்தா போயிருச்சு? திரை போயிருச்சா, ஹார்டு டிஸ்க் போயிருச்சா, இல்ல விண்டோஸ் மட்டும் போயிருச்சா?" கை ஒடிந்தவனைச் செத்துப்போனவன் என்று யாரும் சொல்வதில்லை. லேப்டாப்பை மட்டும் அப்படிச் சொல்லிவிடுகிறோம்.

இந்தப் பதிவை எழுதத் தூண்டிய சம்பவத்தைச் சொல்கிறேன். அவள் அனுமதியோடுதான் எழுதுகிறேன், பெயர் வேண்டாம் என்றாள்.

என் பழைய மாணவி. காரியாபட்டிப் பக்கம் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள். அவள் அப்பாவை உங்களில் பலருக்குத் தெரியும். சீமைக்கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போட்டவர். மூன்று வருடத்துக்கு முன் இறந்துபோனார். அவருடைய படம் என்று வீட்டில் இருந்தது வாக்காளர் அட்டையில் இருக்கிற தபால்தலை அளவுப் படம் ஒன்றுதான். அதைப் பெரிதாக்கி மாட்டியிருந்தார்கள். முகமே கலங்கிப்போய், யாரோ மாதிரி இருக்கும்.

"டீச்சர், லேப்டாப் குடுத்த அன்னைக்கு அதுலயே அப்பாவ ஒரு போட்டோ எடுத்தேன். அது அதுக்குள்ளதான் இருக்கு. கடையில காட்டுனோம். ஹார்டு டிஸ்க்க மாத்தணும், உள்ள இருக்கிறது எதுவும் வராதுன்னுட்டாக" என்றாள்.

"நீ எடுத்துக்கிட்டு வா ஆத்தா, பாப்போம்" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தாள். ஆன் செய்தால் விண்டோஸ் சின்னம் வரும், சுற்றும், திரும்ப அணைந்து முதலிலிருந்து தொடங்கும். ஹார்டு டிஸ்கிலிருந்து டிக் டிக் என்ற சத்தம் இல்லை. அது நல்ல அறிகுறி. என் பென்டிரைவைச் செருகி, பூட் மெனுவுக்கான விசையைத் தட்டிக்கொண்டே ஆன் செய்தேன். பத்து வருடத்துக்கு மேலான இயந்திரம், நினைவகம் 2 ஜிபி. நாலு நிமிடம் எடுத்துக்கொண்டு மெதுவாக என் திரை வந்தது. பக்கத்தில் பார்த்தால் அந்த லேப்டாப்பின் ஹார்டு டிஸ்க் ஒரு சாதாரண அலமாரி போலத் தெரிந்தது. கெட்டுப்போயிருந்தது விண்டோஸ் மட்டும். அலமாரியின் பூட்டுத் துருப்பிடித்திருந்தது, உள்ளே துணிமணி பத்திரமாக இருந்தது.

விண்டோஸ் ஒழுங்காக மூடப்படாமல் இருந்ததால், படிக்க மட்டும் முடியும், எழுத முடியாது என்று லினக்ஸ் சொன்னது. இந்த மாதிரி நேரத்தில் நமக்கு வேண்டியதும் அதுதான். படங்கள் இருந்த போல்டரை அப்படியே இன்னொரு பென்டிரைவில் நகல் எடுத்தோம். நூற்று நாற்பது படங்கள். பாதிக்கு மேல் தோழிகள் முகத்தைக் கோணலாக்கி எடுத்தவை. நடுவில் அவர் இருந்தார். கட்டிலில் உட்கார்ந்து, தோளில் துண்டு, மடியில் லேப்டாப். கேமரா திரைக்கு மேலே இருக்கும் அல்லவா? அவர் கேமராவைப் பார்க்கவில்லை. திரையில் தெரிந்த தன்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார். அதனால் கண் கொஞ்சம் தாழ்ந்து, வாயில் சிரிப்பு தொடங்கியும் தொடங்காமலும்.

அவள் அழவில்லை. "எங்கப்பாவுக்கு இம்புட்டு முடி இருந்துச்சா டீச்சர்" என்றாள்.

அருப்புக்கோட்டையில் பிரிண்ட் போட்டு, இப்போது அந்தப் படம்தான் சுவரில் இருக்கிறது.

சரி, இதை நீங்கள் எப்படிச் செய்வது? தங்கை மகன் மதுரையில் இருக்கிறான், முதலில் அவன் எனக்குக் காட்டினான். மீதியைத் தமிழிலேயே படித்துத் தெரிந்துகொண்டேன். 2012 முதல் வரும் 'கணியம்' மின்னிதழில் லினக்ஸ் பற்றி எளிய தமிழில் நிறைய எழுதியிருக்கிறார்கள். என் அனுபவத்தில் படிகள் இவை.

முதலில் ஒரு நல்ல பென்டிரைவ். 16 ஜிபி போதும், 32 ஜிபி வசதி. யுஎஸ்பி 3.0 வகையாகப் பாருங்கள். அதன் வாயின் உட்பகுதி பெரும்பாலும் நீலமாக இருக்கும். பழைய யுஎஸ்பி 2.0 வகையிலும் ஓடும், ஆனால் பொறுமை வேண்டும். சந்தையில் 1000 ஜிபி என்று மிகக் குறைந்த விலைக்கு விற்பதை வாங்காதீர்கள், கொள்ளளவு பொய்யாக இருக்கும். காசு இருந்தால் சின்ன வெளி எஸ்எஸ்டி இன்னும் நல்லது. பென்டிரைவில் சின்னச் சின்னக் கோப்புகளை அடிக்கடி எழுதுவது மெதுவாக நடக்கும், ஆயுளும் குறையும்.

இரண்டாவது, எந்த லினக்ஸ் என்பது. லினக்ஸில் பல தொகுப்புகள் உண்டு. 4 ஜிபியோ அதற்கு மேலோ நினைவகம் இருந்தால் லினக்ஸ் மின்ட், உபுண்டு போன்றவை. அரசு கொடுத்த பழைய லேப்டாப்புக்கு மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு, எம்எக்ஸ் லினக்ஸ், ஆன்டிஎக்ஸ், பப்பி போன்ற இலேசானவை. மிகப் பழைய 32 பிட் கணினியில் 64 பிட் தொகுப்பு எழும்பாது. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13 கூடப் பழைய 32 பிட் கணினிகளுக்கான நிறுவியை நிறுத்திவிட்டது. அப்படிப்பட்டவற்றுக்கு முந்தைய பதிப்புகளையோ இலேசான தொகுப்புகளையோதான் தேட வேண்டும்.

மூன்றாவது, எழுதுவது. அந்தந்தத் தொகுப்பின் அதிகாரபூர்வத் தளத்தில் ஐஎஸ்ஓ என்று ஒரு பெரிய கோப்பு கிடைக்கும். அதைச் சினிமாப் பாட்டை நகல் எடுப்பது போலப் பென்டிரைவில் போட்டால் பூட் ஆகாது. ரூஃபஸ், பலேனா எட்சர் போன்ற இலவசச் செயலிகளால் எழுத வேண்டும். வென்டாய் என்று ஒன்று இருக்கிறது. அதை ஒருமுறை பென்டிரைவில் போட்டுவிட்டால், பிறகு ஐஎஸ்ஓ கோப்புகளைச் சும்மா நகல் எடுத்தாலே போதும், எதில் பூட் செய்ய என்று பட்டியல் காட்டிக் கேட்கும். எந்த வழியானாலும் பென்டிரைவில் முன்பு இருந்தது எல்லாம் அழிந்துவிடும். எழுதச் சொல்லும் முன் தேர்ந்தெடுத்திருப்பது பென்டிரைவ்தானா என்று கொள்ளளவைப் பார்த்து உறுதி செய்யுங்கள். விடைத்தாளில் பதிவெண் சரிபார்ப்பது போல இருமுறை.

நான்காவது, பூட் மெனு. ஆன் செய்த உடனே சரியான விசையைத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். டெல், லெனோவோவில் பெரும்பாலும் எஃப்12. எச்பியில் எஸ்கேப் அல்லது எஃப்9. ஏசரில் எஃப்12, ஆனால் சிலவற்றில் முதலில் அமைப்புக்குள் போய் அந்த வசதியைத் திறந்துவிட வேண்டும். ஆசூஸ் லேப்டாப்பில் எஸ்கேப். பென்டிரைவ் பெயர் பட்டியலில் வந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். "நிறுவாமல் முயன்று பார்" என்ற பொருளில் வரும் வரியை மட்டும் தொடுங்கள். நிறுவு என்ற வரி வேறு. அது அந்தக் கணினியின் டிஸ்கில் கை வைக்கும்.

புதிய லேப்டாப்களில் செக்யூர் பூட் என்று ஒரு காவல் இருக்கிறது. முத்திரை இல்லாத இயங்குதளத்தை அது உள்ளே விடாது. உபுண்டு, டெபியன், மின்ட் மூன்றும் அந்த முத்திரையோடுதான் வருகின்றன, பெரும்பாலும் அப்படியே ஓடும். அதனால் அந்த அமைப்பில் கை வைக்காதீர்கள். குறிப்பாக அடுத்தவர் லேப்டாப்பில் வைக்கவே வைக்காதீர்கள். பல புதிய விண்டோஸ் கணினிகளில் டிஸ்க் பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருக்கும். செக்யூர் பூட்டை மாற்றினால் அடுத்த முறை விண்டோஸ் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். அது கையில் இல்லாவிட்டால் உங்களுக்கு உதவி செய்தவர் வீட்டில் சண்டைதான்.

ஐந்தாவது, சேமிப்பு. இதைப் புரிந்துகொள்ளாமல்தான் பலர் கைவிடுகிறார்கள். சாதாரணமாக எழுதிய லைவ் பென்டிரைவ் அச்சடித்த பாடநூல் மாதிரி. படிக்கலாம், அதில் எழுத முடியாது. நீங்கள் செய்த மாற்றம் எல்லாம் நினைவகத்தில் மட்டும் இருக்கும், அணைத்தால் போய்விடும். பெர்சிஸ்டன்ஸ் என்ற வசதியோடு எழுதினால், பாடநூலின் மேல் கண்ணாடித்தாள் ஒன்றை வைத்தது போல. எழுதுவது எல்லாம் கண்ணாடித்தாளில் பதியும், அடியில் இருக்கும் அச்சு மாறாது. அடுத்த முறை இரண்டையும் சேர்த்துக் காட்டும். ரூஃபஸிலேயே உபுண்டு, டெபியன் வகைகளுக்கு இந்த அளவைக் குறிப்பிட இடம் இருக்கிறது. என்னுடையது இந்த வகைதான். தமிழ்99 விசைப்பலகையை ஒருமுறை அமைத்தேன், எந்த ஊர்க் கணினிக்குப் போனாலும் கூடவே வருகிறது.

மூன்றாவது வழி, ஹார்டு டிஸ்கில் நிறுவுவது போலவே பென்டிரைவிலோ வெளி எஸ்எஸ்டியிலோ முழுதாக நிறுவுவது. பழகியவர்களுக்கு அதுதான் நல்லது. ஆனால் பூட் லோடரும் அதிலேயே எழுதப்படுகிறதா என்று பார்க்க வேண்டும். சில நிறுவிகள் அதைக் கொண்டுபோய்க் கணினியின் உள் டிஸ்கில் வைத்துவிடும். பிறகு எஸ்எஸ்டியை எடுத்துக்கொண்டு வேறு கணினிக்குப் போனால் எழும்பாது. எடுத்துச் சென்ற கூனைக்கு வடம் பழைய கிணற்றடியிலேயே கிடந்த கதைதான்.

இன்னொரு பிள்ளையைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவளும் என் மாணவிதான். டெட் தேர்வுக்குப் படிக்கிறாள். புகுந்த வீட்டில் ஒரு கணினி இருக்கிறது, கொழுந்தனுடையது. வியாபாரக் கணக்கு எல்லாம் அதில். "அண்ணி தொட்டா ஏதாவது அழிஞ்சிரும்" என்று அவருக்குப் பயம். அவர் பயத்திலும் நியாயம் இருக்கிறது. அவளுக்கும் ஒரு சங்கடம். குறிப்பு எழுதி வைத்தால் வீட்டில் எல்லாரும் திறந்து பார்ப்பார்கள். மார்க் குறைந்த மாதிரித் தேர்வைப் பார்த்துக் கேலி பேசுவார்கள்.

அந்தத் தம்பியை உட்கார வைத்தே காட்டினேன். "என் கணக்கு வழக்கு எல்லாம் அழிஞ்சிறாதுல்ல டீச்சர்?" என்று இரண்டு முறை கேட்டார். "அழியாது தம்பி. உங்க டிஸ்க்க இது தொறக்கக்கூட இல்ல, பாருங்க" என்று காட்டினேன். பென்டிரைவை உருவி, திரும்ப ஆன் செய்து, அவர் கணக்குகள் வைத்தது வைத்தபடி இருப்பதைப் பார்த்த பிறகுதான் தலையாட்டினார். இப்போது இரவு ஒன்பது மணிக்கு மேல் அந்தக் கணினி அவளுடையது. அவள் கோப்புகள் கடவுச்சொல் வைத்துப் பூட்டிய பென்டிரைவில் இருக்கின்றன. முடித்ததும் உருவி முந்தானையில் முடிந்துகொள்கிறாள். வீட்டில் தனக்கென்று ஒரு மேசை, ஒரு பெட்டி இல்லாத பெண்கள் எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும். ஒரு விரல் நீளத்தில் அவளுக்கு ஒரு மேசையும் பெட்டியும் கிடைத்திருக்கிறது. தேர்வு முடிவு எப்படியும் வரட்டும், இது வந்துவிட்டது.

இனி சில எச்சரிக்கைகள். கண்டிப்பாகப் படியுங்கள்.

கணினிக்குச் சொந்தக்காரரிடம் கேட்காமல் செருகாதீர்கள். பிரவுசிங் சென்டரானாலும் சரி, அக்கா வீடானாலும் சரி. அலுவலகக் கணினியில் வேண்டவே வேண்டாம்.

மாணவியின் அப்பா படத்தை எடுத்தேன் அல்லவா, அதே வழியில் பூட்டாத எந்த டிஸ்கையும் யாரும் திறந்து பார்க்க முடியும். விண்டோஸ் கடவுச்சொல் அதைத் தடுக்காது. அடுத்தவர் கடிதத்தைப் பிரிக்கக் கூடாது என்று சின்ன வயதில் சொல்லிக்கொடுத்தது இங்கேயும் செல்லும். உங்கள் லேப்டாப்பில் முக்கியமானது இருந்தால் டிஸ்கையே பூட்டி வையுங்கள்.

பென்டிரைவ் தொலையும் பொருள், கெடும் பொருள். தொலைந்தால் அடுத்தவர் படிக்காதபடி பூட்டுங்கள். கெட்டால் அழாதபடி வாரம் ஒருமுறை இன்னொன்றில் நகல் எடுங்கள். ஓடும்போது உருவாதீர்கள். நம் ஊரில் மின்சாரம் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. பழைய லேப்டாப்பில் பேட்டரியும் நிற்காது. எழுதும் நடுவே பொசுக்கென்று அணைந்தால் கோப்பு சிதையலாம். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சேமியுங்கள்.

டிக் டிக் என்று சத்தம் போடும் ஹார்டு டிஸ்கைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்காதீர்கள். ஒவ்வொரு முறையும் இருப்பது குறையும். வேண்டியதை முதலில் எடுங்கள், மற்றதைப் பிறகு பார்க்கலாம்.

அறிமுகம் இல்லாத கணினியில் வங்கி வேலை பார்க்காதீர்கள். இயங்குதளம் நம்முடையது என்றாலும் விசைப்பலகைக்கும் கணினிக்கும் நடுவே எவனாவது ஒரு கருவியைச் செருகி வைத்திருந்தால் லினக்ஸுக்கும் அது தெரியாது.

சிலவற்றில் வைஃபை கிடைக்காது, சிலவற்றில் ஸ்பீக்கர் பேசாது. அதற்கெல்லாம் வழி உண்டு, உடனே கிடைக்காது. வைஃபை கிடைக்காவிட்டால் கைபேசியை யுஎஸ்பி வயரில் இணைத்து அதன் இணையத்தைப் பயன்படுத்தலாம்.

விண்டோஸ் 10க்கான பாதுகாப்புப் புதுப்பிப்புகளை 2025 அக்டோபர் 14 அன்று மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 ஏற்காத கணினிகளைத் தூக்கிப் போடப் பல வீடுகளில் தயாராக இருக்கிறீர்கள். தூக்கிப் போடும் முன் ஒரு பென்டிரைவை வைத்து ஓட்டிப் பாருங்கள். பிடித்தால் நிறுவிக்கொள்ளலாம். பிடிக்காவிட்டால் உருவிவிடலாம், ஒன்றும் குறையாது.

நம் தெருவில் இதுவரை ஏழு பழைய லேப்டாப்கள் என் திண்ணைக்கு வந்திருக்கின்றன. நான்கு ஓடுகின்றன. அவற்றில் இரண்டுக்கு ஹார்டு டிஸ்கே வேலை செய்யவில்லை, பென்டிரைவிலேயே ஓடுகின்றன. இரண்டுக்குத் திரை போய்விட்டது. ஒன்றுக்குச் சார்ஜர் செருகும் இடம் உடைந்திருக்கிறது, சரிசெய்யக் கொடுத்திருக்கிறோம். சனிக்கிழமை சாயங்காலம் உங்கள் பிள்ளைகளும் தம்பி தங்கைகளும் வருகிறார்கள். சின்னதுகள் டக்ஸ் பெயின்டில் படம் வரைகின்றன. எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஜியோஜிப்ராவில் முக்கோணத்தை இழுத்து இழுத்து, எப்படி இழுத்தாலும் கோணங்களின் கூடுதல் 180 பாகையாகவே நிற்கிறதே என்று வியக்கிறார்கள். நான் முப்பது வருடம் கரும்பலகையில் சொன்னதை அவர்கள் பத்து நிமிடத்தில் கையால் பார்த்துவிட்டார்கள்.

அதனால் உங்களிடம் கேட்பது ஒன்றுதான். பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது பரணில் கிடப்பதை இறக்கிக்கொண்டு வாருங்கள். சார்ஜரை மறக்காதீர்கள், அதுதான் கிடைப்பதில்லை. உள்ளே வேண்டிய படம், சான்றிதழ் இருந்தால் முதலில் அதை எடுத்துத் தருகிறேன். வேண்டாம் என்றால் லேப்டாப்பை இந்தப் பிள்ளைகளுக்கு விட்டுப் போங்கள். வர முடியாதவர்கள் 32 ஜிபி பென்டிரைவ் ஒன்றை யாரிடமாவது கொடுத்தனுப்புங்கள், எழுதிக் கொடுக்கிறேன். காசு வேண்டாம். ஓடியதா, எந்த மாடலில் ஓடியது, எந்த விசையைத் தட்டினீர்கள் என்று மட்டும் எனக்குச் சொல்லுங்கள். நோட்டில் குறித்து வைத்துக்கொண்டு வருகிறேன், அடுத்து வருகிற பிள்ளைக்கு உதவும்.

எல்லாரும் நல்லா இருங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்,
பரளச்சி